சேற்றில் சிக்கிய டிராக்டர் ஏன் பின்பக்கமாகக் கவிழ்கிறது?

நடவுக்கு உழும் வயலில் டிராக்டரின் பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டால், ஒரு மரக்கட்டையைத் தேடி எடுத்துவந்து சக்கரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டுவார்கள். பிறகு முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார்கள். கட்டை சக்கரத்தோடு சுற்றிவந்து சேற்றில் ஊன்றி வண்டியை மேலே தள்ளிவிடும் என்பது எதிர்பார்ப்பு. சில தடவை தள்ளியும்விடும். தள்ளாத தடவை முன்சக்கரம் நிலத்தை விட்டுக் கிளம்பி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும்.

எஞ்சின் பின் அச்சை முன்னோக்கிச் சுழற்றும்போது, வண்டியின் உடலுக்கு அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் கிடைக்கிறது. சக்கரம் உருளும்வரை அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துவிட்டால், சுழல்வதற்கு மிச்சமிருப்பது உடல்தான். அச்சையே கீலாகக் கொண்டு மூக்கு மேலே எழும்.

அந்த முறுக்கு எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றின் எடை 2,000 கிலோ என்றும், அதன் எடைமையம் பின் அச்சுக்கு முன்னால் முக்கால் மீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூக்கைத் தூக்க, அச்சில் பொருத்திய ஒரு மீட்டர் நெம்புகோலின் நுனியில் 1,500 கிலோவை வைத்த அளவுக்கு முறுக்கு வேண்டும். முதல் லோ கியரில் எஞ்சின் தரக்கூடியதோ ஏறக்குறைய 3,500 கிலோ. தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அப்படியென்றால் தினமும் ஏன் கவிழ்வதில்லை? டயர் வழுக்கிவிடுவதுதான் காரணம். நல்ல காய்ந்த மண்ணில்கூட 500 கிலோ அளவு முறுக்கு வந்ததுமே டயர் பிடி நழுவிச் சுற்ற ஆரம்பித்துவிடும். சேற்றில் அதற்கும் முன்பே நழுவும். ஓட்டுபவர்கள் எரிச்சலோடு பார்க்கும் அந்த வழுக்கல்தான் அவர்களுடைய உயிர்க்காப்பு. கட்டையைக் கட்டும்போது நாம் அதைத்தான் பறித்துவிடுகிறோம்.

கிளட்சை மிதித்துத் தப்பிவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள்கூட நம்புகிறார்கள். முன்பக்கம் எழும்ப எழும்ப எடைமையம் அச்சை நோக்கி நகர்ந்து, அச்சுக்கு நேர்மேலே வந்து, பின்னால் போய்விடுகிறது. அதன் பிறகு எஞ்சினை நிறுத்தினாலும் பயனில்லை, வண்டியின் எடையே அதைச் சாய்த்துவிடும். அந்த எல்லையைத் தொட முக்கால் நொடி போதும். ஒன்றரை நொடியில் வண்டி தரையில் கிடக்கும். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கால் பெடலுக்குப் போவதற்குள் அந்த முக்கால் நொடி கழிந்துவிடுகிறது. எனவே கவனமாகக் கட்டை கட்டுவது என்று ஒன்று கிடையாது. கட்டவே கூடாது.

புதைந்த வண்டியை எடுக்க முதலில் பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையையோ ரோட்டவேட்டரையோ கழற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டி, ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். பின்னோக்கிப் போகும்போது எதிர்முறுக்கு மூக்கைக் கீழே அழுத்துமே தவிரத் தூக்காது. வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரை வரவழைத்து, புதைந்த வண்டியின் முன்கொக்கியில் நீளமான சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். அதன் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில்தான் ஆட்கள் நிற்க வேண்டும்.

இழுக்கிற டிராக்டருக்கும் இதே ஆபத்து உண்டு. சங்கிலியை டிரா பாரில், அதாவது வண்டியின் பின்னால் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைப் பட்டையில் மட்டும் மாட்டுங்கள். அது அச்சுக்குக் கீழே இருப்பதால், மூக்கு எழும்பினால் டிரா பார் தாழ்ந்து, இழுவையின் நெம்பும் வலிமை குறைந்துவிடும். கலப்பையின் மேல்பகுதியைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ அச்சிலோ கட்டினால் அந்தத் தானியங்கிக் காப்பு போய்விடும். சுமையே வண்டியைப் பின்னால் இழுத்துச் சாய்க்கும்.

கேஜ் வீல் (சேற்றில் பிடிக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய வண்டி சேற்றிலிருந்து வரப்பேறும் இடத்திலும் நடப்பது இதுதான். இரும்புப் பட்டைகள் வரப்பு மண்ணைக் கவ்விக்கொள்வதால் சக்கரம் வழுக்காது. மூக்கு ஏற்கெனவே மேல்நோக்கி இருக்கிறது. வரப்பை வெட்டித் தாழ்த்தி, ரிவர்ஸில் ஏறுங்கள். வாய்க்கால் ஓரத்தில் வேறு வகை ஆபத்து: கரை சரிந்து வண்டி பக்கவாட்டில் உருளும். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே ஓட்ட வேண்டும்.

சாலைக்கு வந்ததும், இடது வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைத்ததை மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், வண்டி அந்தப் பக்கமே சுழன்று கவிழும். வேகம் இரண்டு மடங்கானால் திருப்பத்தில் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கவிழ்ந்தால் காப்பாற்றுவது இருக்கைக்குப் பின்னால் நிற்கும் கனமான இரும்பு வளைவுதான். ரோப்ஸ் என்பார்கள். வண்டி தலைகீழானாலும் ஆள் நசுங்காத அளவு இடத்தை அது பிடித்துவைக்கும். சுவீடன் 1959-இல் புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே 1957-இல் லட்சம் டிராக்டருக்கு 17 என்றிருந்த கவிழ்வு மரணம் 1990-இல் 0.3 ஆனது. ஆனால் வளைவும் சீட் பெல்ட்டும் ஜோடி. பெல்ட் போடாதவர் தூக்கி எறியப்பட்டு, அந்த வளைவுக்கு அடியிலேயே மாட்டக்கூடும். வளைவு இல்லாத வண்டியிலும், அதை மடக்கிவைத்திருக்கும்போதும் பெல்ட் போடக் கூடாது. மட்கார்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. அவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கவிழ்வதைப் போலவே பயப்பட வேண்டியது பிடிஓ ஷாப்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 1.8 மீட்டர் துணியைச் சுருட்டும். ஒரு துண்டு முழுவதும் போய்விடும். கை அதை விடுவதற்குள் கையும் உள்ளே போயிருக்கும். ஷாப்டைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுற்றிப் போங்கள். அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை, எஞ்சின் நிற்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். ஷாப்டோடு இறுகிப்போயிருந்தால், உறையும் சேர்ந்து சுழன்று துணியை இழுக்கும். சுமை மிஞ்சும்போது தானே உடைந்து கருவியைக் காக்கும் ஷியர் போல்ட் உடைந்தால் கையில் கிடைத்த நீளமான போல்ட்டைப் போட்டு முடுக்குவது வழக்கம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு அங்குலம்தான் வேட்டி நுனியையும் சேலை முந்தானையையும் முதலில் பிடிக்கிறது.