லிகண்ட்: ஈனியா, அணைவியா?

பிளஸ் டூவில் லிகண்டை ‘ஈனி’ என்று படித்துவிட்டு மருந்து வேதியியல் படிக்கப் போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு குழப்பம் வரும். ஈனி என்றால் நடுவிலிருக்கும் உலோகத்துக்கு எலக்ட்ரான் இரட்டையைத் தருவது: அம்மோனியா, குளோரைடு, தண்ணீர். மருந்து வேதியியலிலோ, மருந்து புரதத்தில் எப்படிப் போய்ப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங் மென்பொருளைத் திறந்தால் ஒரு கோப்பு புரதம், இன்னொன்று லிகண்ட். முழு மருந்து மூலக்கூறையும் லிகண்ட் என்கிறார்கள். பல சமயம் உலோகம் கண்ணிலேயே படாது.

மூலம் லத்தீன். ‘லிகாரே’ என்றால் கட்டுதல். எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் லிகமெண்ட்டும் அதே வீட்டுப் பிள்ளைதான். வேதியியலுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஸ்டாக், 1916-இல், அதுவும் சிலிக்கான் சேர்மங்களுக்காக. ஆக, மூலச்சொல்லில் ‘கொடுப்பது’ என்ற பொருளே கிடையாது. அதைத் தமிழில் நாம்தான் சேர்த்தோம். உலோகத்தை நடுவில் வைத்த அணைவுச் சேர்மங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, குறை சொல்வதற்கில்லை.

மருந்துக்கு வரும்போதுதான் இடிக்கிறது. பெரும்பாலான மருந்துகள் புரதத்தின் குழிவில் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிகளால் தங்குகின்றன, அப்புறம் கழன்றும் போகின்றன. உலோகத்துக்கு எலக்ட்ரான் ஈவது என்ற பேச்சே அங்கே இல்லை.

உலோகத்துக்கு ஈவது, புரதத்தோடு ஒட்டுவது என்ற இரண்டு பொருளும் ஒரே மாத்திரையில் சந்திப்பதும் உண்டு. பிரேசிலின் ஜராராக்கா பாம்பின் நஞ்சிலிருந்த பெப்டைடுகள் என்ற குட்டி அமினோ அமிலச் சங்கிலிகளிலிருந்து துப்புப் பிடித்து, ஸ்குயிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1970-களில் வடிவமைத்த ரத்த அழுத்த மருந்து கேப்டோப்ரில். அது போய் உட்காரும் இடம் ஏசிஇ, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு புரத நொதி; அதற்குள் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. முதலில் அதைப் பிடிக்கக் கார்பாக்சில் தொகுதியை வைத்துப் பார்த்தார்கள்; பிடி தளர்வாக இருந்தது. அங்கே கந்தகமுள்ள தையோலை மாற்றி வைத்ததும் வீரியம் சுமார் ஆயிரம் மடங்கு ஏறியது. கந்தகம் துத்தநாகத்துக்கு எலக்ட்ரான் தருகிறது, அது அசல் ஈனி. மறுமுனையில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலப் பகுதியோ உலோகத்தின் பக்கமே போகாமல் புரதத்தோடு ஒட்டி நிற்கிறது. முழு மூலக்கூறுக்கும் ஈனி என்று பெயர் வைத்தால் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

‘பிணைவி’ என்று வைக்கலாமா? சகப்பிணைப்பு படித்த மாணவர், அங்கே நிஜமாகவே ஒரு சகப்பிணைப்பு உருவாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். ‘ஈந்தணைவி’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது: ஈந்து அணைவது. மருந்து வடிவமைப்பில் அதன் முன்பாதியை மட்டும் எடுத்துவிட்டு ‘அணைவி’ என்றால் போதும் என்பது என் கட்சி. டாக்கிங்குக்கும் தனியாகச் சொல் தேட வேண்டாம், ‘அணைதல்’ கையிலேயே இருக்கிறது. படகு கரை அணைகிறது என்கிறோமே, அதேதான்.