மீன் பார்க்கும் வட்டம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட் ஆற்றில் மே மாதக் கடைசியில் டிரவுட் மீன்களுக்குப் பெருவிருந்து. சுண்ணப்பாறையில் ஊறி வடிந்து பளிங்குபோல் வெளிவரும் நீர் அது. ஆற்றடிச் சேற்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் புதைந்து வளர்ந்த மேஃப்ளை பூச்சிகள், அந்தச் சில வாரங்களில் கூட்டங்கூட்டமாக மேலெழுகின்றன. வழக்கமாக நிழல் பட்டாலே ஒளிந்துகொள்ளும் பழுப்பு டிரவுட், அச்சம் மறந்து அவற்றை விழுங்குகிறது. கரையில் நிற்கும் தூண்டில்காரர் தம் பெட்டியைத் திறந்து, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த செயற்கை ஈக்களில் ஒன்றை எடுக்கிறார். காற்றில் பறக்கும் பூச்சியை அச்சில் வார்த்தது போன்ற ஈ. வீசுகிறார். மீன் அதைப் பக்கத்திலேயே மிதந்துபோக விட்டுவிட்டு, அடுத்த கணம் வேறொன்றைத் தின்கிறது.

பூச்சி சரிதான். அதன் பருவம்தான் தவறு.

நீருக்குள் வளரும் இளம்பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். அது நீர்மட்டம்வரை நீந்தி வந்து, அங்கேயே தோலைப் பிளந்து இறக்கையோடு வெளியேறும். மங்கலான இறக்கை கொண்ட அந்தப் பூச்சி கரையோர இலையில் ஒதுங்கி, இன்னொரு முறை தோலுரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் தோலுரிக்கிற பூச்சிகள் இன்று மேஃப்ளைகள் மட்டுமே. இறுதிப் பருவத்தில் அதற்கு உண்ணும் வாயே கிடையாது. இணைசேர்ந்து, முட்டையிட்டு, இறக்கைகளை இருபுறமும் விரித்தபடி நீரில் விழுந்து சாகும். ஆக மீனுக்கு ஒரே பூச்சி நான்கு வகை இரை: நீந்தும் நிம்ஃப், பாதி உரித்த தோலோடு நீர்மட்டத்தில் சிக்கிக் கிடப்பது, இறக்கையை நிமிர்த்தி மிதப்பது, செத்து விரிந்து கிடப்பது.

இவற்றில் டிரவுட் பெரும்பாலும் விரும்புவது சிக்கிக் கிடப்பதை. நீரின் பரப்பு இழுவிசை நமக்கு ஒன்றுமில்லை. சிறு பூச்சிக்கோ அது கிழித்து வெளியேற வேண்டிய ஒரு தோல். அதில் மாட்டியது பறந்து தப்பாது. ஓடும் நீரை எதிர்த்து நிற்கவே ஓயாமல் ஆற்றலைச் செலவிடும் மீன், நழுவிப் போகக்கூடிய இரையைத் துரத்த ஏன் மெனக்கெட வேண்டும்? எதைத் தின்கிறது என்பதை நீரே ஓரளவு காட்டிக்கொடுக்கும். மேலே மிதப்பதை விழுங்கும்போது மீன் காற்றையும் சேர்த்து இழுப்பதால் ஒரு குமிழி மிஞ்சும். குமிழியே இல்லாமல் முதுகுத் துடுப்பும் வாலும் மட்டும் மெல்லத் தெரிந்து மறைந்தால், அது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மேய்கிறது என்று கொள்ளலாம்.

இனி மீனின் இடத்தில் இருந்து பார்ப்போம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. வானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை உள்ள அத்தனையும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் நெருக்கப்பட்டே மீனின் கண்ணை அடைகிறது. எனவே மீனின் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னல் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 68 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெறும் 23. வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் முழுவதும் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு அங்கே ஆற்றின் அடித்தரையைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மிதந்து வரும் ஈ முதலில் அந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் நுழைகிறது. அப்போது மீனுக்கு ஈ தெரிவதில்லை. அதன் கால்கள் நீர்த்தோலில் அழுத்திய பள்ளங்கள் மட்டும் ஒளிப் புள்ளிகளாக மின்னும். சிக்கிய பூச்சியோ நீர்த்தோலுக்குக் கீழே தொங்குவதால் உடலோடு முழுசாகத் தெரியும். ஜன்னல் விளிம்பை நெருங்கும்போது நிமிர்ந்த இறக்கை மட்டும் தனியே முளைத்து, பிறகு உடலோடு வந்து சேரும். விளிம்பைத் தாண்டி உள்ளே வந்ததும் வெளிச்சமான வானத்தின் முன் அது ஒரு நிழலுரு.

இதனால்தான் மிதக்கும் ஈயைத் தேர்ந்தெடுக்கும்போது அளவும், நீரில் அது அமரும் விதமும் முதலில் வருகின்றன; நிறம் கடைசி. பெட்டி நிறைய நுணுக்கமான வண்ணங்களைச் சேர்ப்பவர்கள் பலர். அந்த உழைப்பை அளவில் காட்டினால் பலன் அதிகம் என்பது என் கருத்து. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற சாம்பல் நிற ஈ, எந்தப் பூச்சியின் நேர்ப் பிரதியும் அல்ல. ஆனாலும் நூறு ஆண்டுகளாக மீன்கள் அதைக் கடிக்கின்றன. அதில் சுற்றிய சேவல் கழுத்திறகின் விறைத்த நார்கள் நீர்த்தோலில் ஊன்றி, பூச்சிக் கால்களைப் போலவே புள்ளி புள்ளியாக அழுத்துகின்றன. மீனுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

நீருக்குள் கதை வேறு. அங்கே நிம்ஃபின் மேல் பல பக்கமிருந்தும் ஒளி படுவதால் நிறத்துக்கு மதிப்பு கூடுகிறது. ஆழமும் அசைவும் அதைவிட முக்கியம். மிதக்கும் ஈயால் பிடிப்பதே மரியாதையான முறை என்று ஆங்கிலேய மீன்பிடி எழுத்தாளர் பிரெடெரிக் ஹால்ஃபோர்டின் வழிவந்தவர்கள் வாதிட்ட காலத்தில், ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் பிடித்த மீனின் இரைப்பையைச் சிறு கரண்டியால் துழாவிப் பார்த்தார். உள்ளே நிம்ஃப்கள். இந்தச் சண்டை 1938இல் லண்டனின் தூண்டில்காரர் மன்றத்தில் முறையான விவாதமாகவே நடந்தது. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த காவலர் ஃபிராங்க் சாயர் பிற்பாடு ஃபெசன்ட் பறவையின் வாலிறகையும் செப்புக் கம்பியையும் மட்டும் வைத்து ஒரு நிம்ஃப் கட்டினார். அதற்குக் கால்களே வைக்கவில்லை. நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதை ஆற்றங்கரையில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். நூலுக்குப் பதிலாகச் சுற்றிய செம்பு எடையும் தந்தது.

பூச்சியைப் போலன்றிச் சிறு மீனைப் போலச் செய்த ஈக்களும் உண்டு; அவற்றுக்குக் கண் வேண்டும். அதற்கு நெடுங்காலம் பயன்பட்டவை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகள். அவற்றின் நுனியில் மெழுகு பூசினாற்போல் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். அந்த இறகுக்காக நம் காட்டுப் பறவைகள் கொல்லப்பட்டன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இன்று அந்தப் பறவைக்கு இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தூண்டில்காரர்கள் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகையோ செயற்கைப் பொருளையோ பயன்படுத்த முடிகிறது.

சரியான அளவில், சரியான பருவத்தின் ஈயை வீசியும் மீன் மறுத்தால், முதலில் நூலைப் பார்க்க வேண்டும். ஆற்றின் நடுவே ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம். குறுக்கே கிடக்கும் நூலை நடு நீரோட்டம் இழுக்கும்; நூல் ஈயை இழுக்கும். கரையிலிருந்து கண்ணுக்கே தெரியாத அந்தச் சிறு இழுப்பு, கீழிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் விழுந்த கீறல். உண்மையான பூச்சி எதுவும் அப்படிக் கோடு போட்டுக்கொண்டு மிதப்பதில்லை. ஆற்றின் மேல்பக்கமாக நாலடி நகர்ந்து, வேறு கோணத்தில் நூலைத் தளர்த்தி வீசிப் பார்க்கலாம். அப்போதும் மறுத்தால் அதே ஈயை ஓர் அளவு சிறியதாக மாற்ற வேண்டும். கொக்கிகளில் எண் கூடக் கூட அளவு குறையும். 14 மறுக்கப்பட்டால் அடுத்து 16.