38 டிகிரிச் சரிவில் காகிதக் குடைகள்

ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் ஆஷிகாகா என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலைச்சரிவு ஒன்றில் திராட்சைத் தோட்டம் ஏறி நிற்கிறது. சரிவின் சராசரிச் சாய்வு 38 டிகிரி. நம் வீட்டு மாடிப்படிகளைவிடச் செங்குத்து. டிராக்டர் அதில் ஏறாது. மனிதர்தான் ஏற வேண்டும். 1958இல் நொபோரு கவாதா என்ற பள்ளி ஆசிரியர், அறிவுசார் குறைபாடுள்ள தம் மாணவர்களோடு அந்தக் காட்டை வெட்டித் திருத்திக் கொடி நட்டார். பிறகு 1969இல் அவர்களுக்காக ஓர் இல்லம் எழுந்தது. அதன் பெயரில் இருக்கும் ‘கொகொரோமி’ என்ற சொல்லுக்கு முயற்சி என்று பொருள். 1980இல் ‘கோகோ ஃபார்ம்’ ஒயின் ஆலை உருவானது. அந்தச் சரிவில் 1958 முதல் களைக்கொல்லி தெளித்ததே இல்லை. புல்லைக் கையால்தான் அறுக்கிறார்கள்.

இப்படி ஓர் இடத்தில் திராட்சை பிழைப்பதே பெரிய காரியம். எதிரி மழை. ஒயினுக்குப் பேர்போன ஐரோப்பியத் திராட்சை, கோடை வறண்டிருக்கும் நிலங்களில் பழகிய கொடி. ஜப்பானில் ஜூன், ஜூலை மாதங்களில் ‘ட்சுயு’ என்னும் மழைக்காலம் வருகிறது. கொடி பூத்துப் பிஞ்சு பிடிக்கும் வேளை அது. பழம் பறிக்கும் செப்டம்பரில் சூறாவளி வருகிறது.

மழையோடு வருவது அடிச்சாம்பல் நோய். இதை உண்டாக்கும் உயிரியைப் பூஞ்சை என்றே சொல்லிவந்தார்கள். உண்மையில் அது பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை, பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதன் வித்துகள் நீந்தும். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், இரண்டு சிறு வால்களை அடித்து நீந்திப்போய் இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்துவிடும். படலம் காய்ந்துவிட்டால் வித்து வழியிலேயே மடியும். ஆகவே இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதே கொடியின் விதியை முடிவு செய்கிறது. பந்தல் போட்டுக் கொடியைத் தரையிலிருந்து உயர்த்துவதும், கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுவதும் காற்று புகுந்து ஈரத்தை உலர்த்துவதற்காகத்தான்.

அதுவும் போதாதபோது மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. பிரான்சில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் பூசிய இந்தக் கலவை நோயையும் தடுத்ததைக் கண்டு, 1885இல் மில்லார்டே என்ற அறிஞர் அதை உலகுக்கு அறிவித்தார். செம்பு அயனிகள் வித்துக்குள் புகுந்து அதன் நொதிகளை முடக்கிவிடும். ஜப்பானின் இயற்கை வேளாண் விதிகள் இதை அனுமதிக்கின்றன. இயற்கை வேளாண்மை என்றாலே எதுவும் தெளிக்காதது என்று நம்புகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. செம்பு இலைக்குள் ஊடுருவாது, மழை கழுவிவிடும். கழுவிய செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போனால் மண்புழுவுக்குக் கேடு. அளவறிந்து தெளிப்பதில்தான் விவசாயியின் நேர்மை இருக்கிறது.

பழம் பழுக்கும்போது இன்னொரு நோய், பழ அழுகல். இது உண்மையான பூஞ்சை. பழைய தண்டிலும் காம்பிலும் தங்கியிருக்கும் வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது பழத்தில் விழுகின்றன. அதற்கு ஜப்பானியர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு கொத்தின் தலையிலும் மெழுகு பூசிய சிறு காகிதக் குடை ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். ‘கசா’ என்று அதற்குப் பெயர். தோட்டம் முழுக்க ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனியாகக் கையால் கட்டுகிற வேலை. ஒரே செயலைச் சலிக்காமல், கவனம் சிதறாமல் செய்யும் பொறுமை அதற்கு வேண்டும். கொகொரோமியின் மாணவர்களிடம் அது இருந்தது.

செங்குத்துச் சரிவு உடலை வாட்டினாலும் கொடிக்கு வரம். மழைநீர் வேரடியில் தேங்காமல் வடிந்துவிடுகிறது. வெயிலும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆஷிகாகா ஏறத்தாழ 36 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பறிப்புக் காலமான செப்டம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே 54 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு நோக்கி 36 டிகிரி சாய்ந்த நிலத்தில் அந்தக் கதிர் நேர்செங்குத்தாக விழும். சமதளத்தைவிட அதே பரப்பில் நேரடி வெயில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக அதிகம். மேகம் விலகும் சில மணி நேரமே வெயில் கிடைக்கும் நாட்களில் இது சிறிய லாபமில்லை. பழத்தில் ஏறும் சர்க்கரை அந்த வெயிலிலிருந்துதான் வருகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை, நொதித்து முடிந்தால் 1 சதவீத ஆல்கஹாலாகும்.

இனி தொட்டிக்குள். வழக்கமான ஆலைகளில் சாறு பிழிந்ததும் கந்தக டை ஆக்சைடு சேர்த்துக் காட்டு ஈஸ்டுகளையும் பாக்டீரியாவையும் அடக்கிவிட்டு, கடையில் வாங்கிய உலர் ஈஸ்டைத் தூவுவார்கள். பலன் நிச்சயம். இயற்கை முறையில் தோலிலும் ஆலையிலும் ஏற்கெனவே வாழும் ஈஸ்டுகளே நொதிக்க வைக்கின்றன. முதலில் எலுமிச்சை வடிவம் கொண்ட ஹான்செனியாஸ்போரா இன ஈஸ்டுகள் பெருகிப் பழமணம் தரும் சேர்மங்களை உண்டாக்கும். ஆல்கஹால் சில சதவீதத்தைத் தாண்டியதும் பெரும்பாலானவை தளர்ந்துவிடும். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த, ஆல்கஹாலைத் தாங்கும் சாக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட் அப்போது மேலோங்கி, எஞ்சிய சர்க்கரையை முடித்துவைக்கும்.

இந்த ஒழுங்கு நல்ல பழத்தில்தான் நடக்கும். அழுகி வெடித்த ஒரு பழத்தில் வினிகரை உண்டாக்கும் அசிட்டிக் பாக்டீரியா குடியேறியிருக்கும். அதைத் தடுக்கத் தொட்டியில் கந்தகமும் இல்லை. ஆகவே தொட்டிக்குப் போகும் முன் கெட்ட பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். கொடியில் கட்டிய காகிதக் குடையின் பயன் இங்கே தெரிகிறது: கொத்து நனையாமல் இருந்ததால்தான் காட்டு ஈஸ்டை நம்ப முடிகிறது. கந்தகம் செய்யும் வேலையைப் பல மாதங்களுக்கு முன்பே கைகள் செய்து முடித்துவிட்டன.

இந்தச் சரிவில் விளையும் ‘ரீஸ்லிங் லயன்’ என்ற கலப்பினத் திராட்சையிலிருந்து ‘நோவோ’ என்ற நுரைக்கும் ஒயின் தயாராகிறது. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, கரியமில வாயு வெளியேற முடியாமல் ஒயினில் கரைந்து நிற்கும். வேலை முடிந்து மடிந்த ஈஸ்ட் வண்டலாகப் படியும். கழுத்துக் கீழாகச் சாய்த்து வைத்த பாட்டில்களைத் தினமும் சிறிது சிறிதாகத் திருப்பினால்தான் வண்டல் வாய்ப்பகுதிக்கு இறங்கும். 2000இல் ஒகினாவாவில் நடந்த ஜி-8 உச்சி மாநாட்டு விருந்தில் உலகத் தலைவர்கள் கோப்பை உயர்த்தியது இந்த ஒயினோடுதான். அந்தப் பாட்டில்களின் வண்டலை இறக்கியவை கொகொரோமியின் கைகள்.