பச்சை ஏன் பசேல் என்கிறது?

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் வெள்ளையை 'ம்ஹ்லோபே' என்பார்கள். சாதாரண வெள்ளை போதாது, கண்ணைப் பறிக்கும் வெள்ளை என்று சொல்ல வேண்டுமானால் 'ம்ஹ்லோபே க்வா'. அந்தக் 'க்வா'வை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கித்தான் சொல்ல முடியும். கருப்புக்கு 'ம்ஞாமா புக்கெ'. பச்சைக்கு 'லூஹ்லாசா ச்வே'. அதில் வரும் 'ச்வே' நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டும்போது பல்லிடுக்கில் எழும் அதே ஒலியில் தொடங்குகிறது.

டர்பனில் வளர்ந்த தமிழர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. வெள்ளை வெளேர், பச்சைப் பசேல், செக்கச் செவேல், கன்னங்கரேல் என்று ஆயாக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தது இதைத்தானே. இரண்டு மொழிக்கும் குடும்ப உறவு எதுவும் கிடையாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து இந்த டர்பன் துறைமுகத்துக்கு வரும்வரை இரண்டும் இங்கே சந்தித்ததும் இல்லை. ஆனாலும் நிறத்தை அழுத்திச் சொல்லும்போது இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. பொருளை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வாயால் ஓர் ஒலியை எழுப்பி நிறத்தையே நிகழ்த்திக் காட்டப் பார்க்கின்றன. (நம் நீலத்துக்கும் ஊதாவுக்கும் இப்படி ஒன்று அமையவில்லை என்பதைக் கவனியுங்கள். வெள், கரு, செம், பசு என்ற பழைய வேர்களுக்குத்தான் அந்தப் பேறு.)

இந்த வகைச் சொற்களுக்கு உலக மொழியியலாளர்கள் இன்று வழங்கும் பெயர் 'ஐடியோஃபோன்'. தென்னாப்பிரிக்காவில் பிறந்த பெயர் அது. ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிளெமன்ட் டோக், ஜூலுவும் அடங்கும் பாண்டு மொழிகளின் இலக்கணத்தை விளக்க 1935இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் தொல்காப்பியமோ உரிச்சொற்களைப் பேசத் தொடங்கும்போதே அவை இசையிலும் குறிப்பிலும் பண்பிலும் தோன்றும் என்கிறது. ஒலி, உணர்வு, தன்மை மூன்றையும் ஒரே வரியில் கட்டிய அந்தப் பார்வை எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, ஒலிக்கு நிறமோ வடிவமோ எப்படி ஒட்டுகிறது?

வடிவத்திலிருந்து தொடங்குவது எளிது. டெனெரீஃப் தீவில் சில ஆண்டுகள் மனிதக் குரங்குகளை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர், 1929இல் இரண்டு படங்களைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். ஒரு படம் வளைந்து நெளிந்த உருவம், மற்றொன்று கூர் கூராக நீட்டிய உருவம். எது 'டகேட்டே', எது 'பலூபா'? பெரும்பாலோர் கூரானதற்கு டகேட்டே என்றார்கள். 2001இல் தமிழரான மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 'பூபா', 'கிகி' என்ற சொற்களை வைத்து இதை மீண்டும் பிரபலமாக்கினார்கள். 95 விழுக்காட்டினர் கூரான உருவத்தைக் 'கிகி' என்றே அடையாளம் காட்டினார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழுந்தது. ரோமன் எழுத்தில் 'கி'யின் எழுத்து கூராக இருக்கிறது, 'பூ'வின் எழுத்து உருண்டையாக இருக்கிறது, படித்தவர்கள் எழுத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள் என்றார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இந்த வாதம் உடனே இடறும். நம் பகரத்தில் வளைவே கிடையாது. இரண்டு மூலையும் மூன்று நேர்கோடும்தான், ஆனாலும் அதன் ஒலி காதுக்கு உருண்டையாகத்தான் இருக்கிறது. முறையான பதில் நம் பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. வடக்கு நமீபியாவில் எழுத்து வழக்கம் இல்லாத ஹிம்பா மக்களிடம் சோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி அவர்களும் பூபாவை வளைவோடும் கிகியைக் கூரோடும்தான் சேர்த்தார்கள். பிறகு 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் ஜூலு பேசுபவர்களும் இருந்தார்கள். மொத்தத்தில் 72 விழுக்காட்டினர் இதே பதிலைச் சொன்னார்கள். நூற்றுக்கு நூறு இல்லைதான். ஆனால் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதிதான் வந்திருக்கும்.

காரணம் ஒன்றல்ல, பல. பூ என்னும்போது உதடு குவிகிறது. கி என்னும்போது நாக்கு சட்டென்று அண்ணத்தைத் தொட்டு விடுபடுகிறது. ஒலியை அளந்து பார்த்தாலும் க, ட போன்றவை திடீரென வெடித்து நிற்கின்றன, ம, ப, ல போன்றவற்றில் அந்த வெட்டு குறைவு. இதைவிட என்னைக் கவர்ந்த விளக்கம் பொருட்களிலிருந்தே தொடங்குகிறது. உருண்டையான பொருள் தரையில் உருண்டால் தொடர்ச்சியான தாழ்ந்த ஒலி வரும். முனையுள்ள பொருள் உருண்டால் ஒவ்வொரு முனையும் தட்டித் தட்டி விட்டுவிட்டு ஒலிக்கும். பிறந்ததிலிருந்து இதையே பார்த்தும் கேட்டும் தொட்டும் வரும் மூளை, இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களிடம் கையால் தொட்டுணரும் வடிவங்களை வைத்துச் சோதித்தபோது இந்த இணைப்பு வலுக்குறைந்திருந்தது என்பது இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. கண்ணும் காதும் சேர்ந்து பழகிய பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

தமிழில் இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டாம். சொரசொர, கரகர, முரடு, கரடு: எல்லாவற்றிலும் நாக்கு அதிர்ந்து ரகரம் ஒலிக்கிறது. வழவழ, கொழகொழ, நொளநொள: இவற்றில் நாக்கு வழுக்கிக்கொண்டே போகிறது. பல மொழிகளின் சொற்பட்டியல்களை ஒப்பிட்ட அண்மைக்கால ஆய்வு ஒன்று, ரகரத்தை அதிர்த்து ஒலிக்கும் மொழிகளில் சொரசொரப்பைக் குறிக்கும் சொற்களில் அந்த ஒலி மிகுதியாக வருகிறது என்று காட்டியது.

நிறத்துக்கு வருவோம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, சிவப்பா நீலமா என்ற கேள்வி வேறு, வெளிச்சமா இருட்டா என்ற கேள்வி வேறு. ஒலியோடு உறுதியாக ஒட்டுவது இரண்டாவதுதான். உயர்ந்த சுருதி வெளிச்சத்தோடும் தாழ்ந்த சுருதி இருட்டோடும் சேர்கிறது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிம்பன்சிகளுக்கு வெள்ளை, கருப்புச் சதுரங்களைப் பிரித்தெடுக்கப் பழக்கினார்கள். பின்னணியில் ஓர் ஒலி கேட்கும், அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெள்ளையைத் தேடும்போது தாழ்ந்த ஒலி கேட்டாலோ கருப்பைத் தேடும்போது உயர்ந்த ஒலி கேட்டாலோ அவை கூடுதலாகத் தவறின. 2011இல் வெளிவந்த முடிவு இது. சிம்பன்சிக்குப் பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. அப்படியானால் இந்த இணைப்பு மொழியைவிடப் பழையது.

உயிரெழுத்துகளிலும் இதே கதைதான். 'ஈ'யில் உயர்ந்த அதிர்வெண்கள் மேலோங்கும், 'ஊ'வில் தாழ்ந்தவை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் உயிரொலிகளைக் கேட்கவைத்து நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஒரு நெதர்லாந்து ஆய்வில், இகரத்தின் பக்கம் வெளிர் நிறங்களும் உகர ஒகரத்தின் பக்கம் அடர்ந்த நிறங்களும் சேர்ந்தன. இப்போது நம் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். பளீர், பளிச், மினுமினு ஒரு பக்கம். கும்மிருட்டு இன்னொரு பக்கம். வெளிச்சம் 'பளீர்' என்று அடிக்கிறது, அறையோ 'பளார்' என்று விழுகிறது. மெய் மூன்றும் அப்படியே இருக்க, நடுவில் ஈ ஆவாக மாறியதும் ஒளி போய்க் கனம் வந்துவிட்டது. ஜூலுவிலும் கருப்புக்கான 'புக்கெ'யில்தான் உகரம் வருகிறது. மூன்று சொல்லை வைத்து விதி எழுத மாட்டேன், ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் என் காது நிமிர்கிறது.

இசை வரும்போது நடுவில் உணர்ச்சி புகுந்துகொள்கிறது. கலிபோர்னியாவிலும் மெக்சிகோவிலும் மேற்கத்திய செவ்வியல் இசைத் துண்டுகளைக் கேட்கவைத்து நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேகமான, மகிழ்ச்சியான இசைக்கு வெளிர்ந்த, மஞ்சள் கலந்த, பளிச்சென்ற நிறங்களும், மெதுவான சோக இசைக்கு மங்கிய, அடர்ந்த, நீலம் கலந்த நிறங்களும் வந்தன. 2013இல் வெளியான இந்த ஆய்வின் விளக்கம் இது: இசை ஓர் உணர்ச்சியை எழுப்புகிறது, அந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் நிறத்தை மனம் எடுக்கிறது.

தனித்தனிச் சுரத்துக்கு நிறம் தேடினால் இந்த ஒற்றுமை உடைந்துவிடும். வானவில்லில் ஏழு நிறம் என்று நியூட்டன் எண்ணியதற்கே ஏழு சுரத்தோடு பொருத்தும் ஆசை ஒரு காரணம். நம் பழைய இசை நூல்கள் மத்திமத்துக்கு வெண்மையும் பஞ்சமத்துக்குக் கருமையும் சொல்லின. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்கிரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆனாலும் சி மேஜர் முன்னவருக்குச் சிவப்பு, பின்னவருக்கு வெள்ளை.

ஒலியைக் கேட்டதும் தாமாகவே நிறம் தெரியும் மனிதர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். புலன்கலப்பு எனப்படும் இந்தத் தன்மை, எல்லா வகைகளையும் சேர்த்தால் நூற்றில் சுமார் நான்கு பேருக்கு உண்டு. எழுத்துக்கு நிறம் தெரிபவரிடம் இன்று கேட்டாலும் பல மாதம் கழித்துக் கேட்டாலும் ஏறத்தாழ அதே நிறத்தைச் சொல்வார், மற்றவர்களால் அது முடியாது. குடும்ப வழியாக வரும் தன்மை இது. ஆனால் எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்பது சிலருக்குக் குழந்தைப் பருவத்தில் விளையாடிய காந்த எழுத்துப் பொம்மைகளிலிருந்தே வந்திருக்கிறது.

பழக்கத்தின் கை இவ்வளவு நீளம் என்பதால்தான் வடிவத்துக்கு நிறம் சொல்வதில் எச்சரிக்கை தேவை. ஓவியர் கண்டின்ஸ்கி முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்று உறுதியாக நம்பினார். 1923இல் தான் கற்பித்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டும் பார்த்தார். ஓவியப் பயிற்சி இல்லாதவர்களிடம் பிற்காலத்தில் கேட்டபோது முக்கோணம் சிவப்பாகவும் வட்டம் மஞ்சளாகவும் வந்தன. சாலை எச்சரிக்கைப் பலகையும் சூரியனும் பதில் சொல்லியிருக்கின்றன, அவ்வளவுதான். டர்பனில் தைப்பூசக் காவடிக் கூட்டத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு மேளம் கேட்டால் மஞ்சள் தோன்றலாம். அது சுருதியால் வந்த மஞ்சள் இல்லை, மஞ்சளில் தோய்ந்த புடவைகளால் வந்தது.

தெருப் பேச்சுச் சொற்களிலும் ஒலி, பழக்கம் என்ற இதே இரண்டு கைகள் வேலை செய்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கு ஜூலுவில் 'இசிதுதுது'. அந்த வண்டியைக் கேட்டவர் யாருக்கும் விளக்கம் வேண்டாம். விடியற்காலையில் கூரைமேல் கத்தும் ஹடீடாப் பறவையின் பெயர் அதன் கூச்சலேதான். ஆனால் ஒலியைக் காப்பியடிக்கும்போதுகூட அவரவர் மொழியின் சல்லடை நடுவில் நிற்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது மூன்று சுரத்தில் இறங்கிவரும் ஒரு குயிலின் குரலை ஆப்பிரிக்கான்ஸ் காது 'பீட் மை ஃப்ரௌ' என்று கேட்டது, ஜூலுக் காது 'பேசு கொம்கோனோ' என்று கேட்டது. இரண்டுமே அந்தப் பறவைக்குப் பெயராகிவிட்டன.

எல்லாச் சொல்லுக்கும் ஒலியிலேயே காரணம் தேடுவதும் தவறு. டர்பனின் 'பன்னி சௌ' என்ற உணவின் பெயர் முயலையும் குறிக்கவில்லை, பன்னின் உருண்டை வடிவத்தையும் குறிக்கவில்லை. ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றி விற்ற பனியா வணிகர்களின் பெயர் ஆங்கில வாயில் 'பன்னி' ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இங்கே சொல்லைப் பெற்றது வரலாறு. ஆனால் அந்நியமான 'பனியா'வைத் தனக்குத் தெரிந்த இனிய சொல்லாக வளைத்துக்கொண்டது கேட்டவரின் காது.

ஒலியும் பொருளும் பொருந்தும் சொற்கள் மனத்தில் எளிதில் தங்கும் என்பதற்கும் சோதனை உண்டு. ஜப்பானிய மொழி தெரியாத டச்சுக்காரர்களுக்கு ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொற்களைக் கற்பித்தார்கள். சிலவற்றை உண்மைப் பொருளோடும் சிலவற்றை நேர் எதிர்ப் பொருளோடும் கொடுத்தார்கள். உண்மைப் பொருளோடு கொடுத்தவை நன்றாக நினைவில் நின்றன. சாதாரணப் பெயரடைகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை.

டர்பனில் தமிழ் வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 1996ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு, வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் கோயில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். அவர்களுக்கு முதல் நாளே எழுத்துப் பட்டியலை நீட்டாமல், ஒரு பப்பாளித் துண்டையும் ஓர் அன்னாசியையும் கையில் கொடுத்து, எது சொரசொர, எது வழவழ என்று கேட்கலாம். பொருளை யாரும் சொல்லித்தராமலே அவர்களில் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்புறம் பளீர், பளார், கும், பசேல் என்று ஒவ்வொன்றாகப் போகலாம்.