‘ஓரினச் சேர்க்கைத் திருமணம்’ என்று ஒரு திருமணம் இல்லை

உச்ச நீதிமன்றம் இருக்கும் டெல்லி திலக் மார்க்கிலிருந்து தமிழுக்குப் போன செய்திகளில் ஒரு சொற்றொடர் ஓயவே இல்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணப்பதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று கேட்ட வழக்கில், 2023 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு விசாரணையைத் தொடங்கியபோதும் வந்தது. அக்டோபர் 17 தீர்ப்பன்றும் வந்தது. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்கள் தள்ளுபடியானபோதும் வந்தது. ‘ஓரினச் சேர்க்கைத் திருமணம்.’ வழக்கு ஓய்ந்தது, சொல் ஓயவில்லை.

ஆங்கிலத்தில் இது ‘சேம் செக்ஸ் மேரேஜ்’. இதிலுள்ள ‘செக்ஸ்’ ஆணா பெண்ணா என்ற பிரிவைக் குறிப்பது. படுக்கையறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லத்தீன் ‘செக்ஸுஸ்’, வெட்டுதல், பிரித்தல் என்ற வேரிலிருந்து வந்ததென்பார்கள். நம் ‘பால்’ என்ற சொல்லும் ‘பகு’ என்பதோடு உறவுடையது. பகுத்ததுதான் பால். ஆண்பால், பெண்பால் என்று பள்ளியிலேயே படித்தோம். அப்படியே பொருந்தும் சொல் கையில் இருக்க, மொழிபெயர்த்தவர் ‘செக்ஸ்’ என்றதும் ‘சேர்க்கை’க்குத் தாவிவிட்டார்.

இனி அந்தத் தொடரைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஓரினம்’ என்றால் என்ன? மனித இனம், தமிழினம், மாட்டினம் என்கிறோம். அந்தக் கணக்கில் ஊரில் நடக்கும் எல்லாத் திருமணமும் ஓரினத் திருமணம்தான். ‘பெண்ணினம்’ என்று சொல்வதில்லையா என்று கேட்கலாம். சொல்கிறோம், ஆனால் அங்கே ‘பெண்’ என்பதுதான் பாலைச் சொல்கிறது, ‘இனம்’ கூட்டத்தைச் சொல்கிறது. பெண்ணை எடுத்துவிட்டு ‘ஓரினம்’ என்று மட்டும் நிறுத்தினால் சாதி மறுப்புத் திருமணத்துக்கு எதிர்ப்பதம் போல இருக்கிறது.

‘சேர்க்கை’ இன்னும் மோசம். ஜூன் மாதத்தில் பள்ளி வாசலில் ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று பலகை தொங்கும். வீட்டில் ‘அவன் சேர்க்கை சரியில்லை’ என்பார்கள். முதலாவது இங்கே பொருந்தாது. ஆக, கேட்பவர் காதில் மிஞ்சுவது இரண்டாவதன் நெடியும், அதோடு ஒட்டிய உடலுறவுப் பொருளும். ஓர் ஆணும் பெண்ணும் மணப்பதை ‘ஈரினச் சேர்க்கைத் திருமணம்’ என்று யாராவது அழைப்பிதழில் அச்சடிப்பார்களா?

இது வெறும் நாகரிகக் குறை என்றால் விட்டுவிடலாம். சட்டமே தலைகீழாகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு தண்டித்தது ஒரு செயலை, ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு என்று அது சொன்னதை. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மட்டுப்படுத்தியது, 2013-இல் உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோர் மனமொத்து ஈடுபடுவது குற்றமல்ல என்றது. அந்த வழக்கில் ‘சேர்க்கை’ என்று எழுதியவரோடு எனக்குச் சண்டை கொஞ்சம் குறைவு. 2023 வழக்கோ 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றியது. அந்தச் சட்டம் கேட்பவற்றில் சில இவை: ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபத்துக்கு 30 நாள் விட வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். யார் மீது யாருக்கு ஈர்ப்பு, யார் என்ன செய்கிறார்கள் என்று எங்கும் கேட்கவில்லை. ‘ஆண்’, ‘பெண்’ என்ற இரு சொற்களை ‘நபர்’ என்று படிக்கலாமா என்பதே மனுதாரர்களின் வேண்டுகோள். வழக்கின் உயிரே ‘பால்’ என்ற சொல்லில்தான் இருந்தது. அதையே மொழிபெயர்ப்பில் தொலைத்தோம்.

டெல்லித் தமிழருக்கு இது எளிதில் புரிய வேண்டும். இங்கே பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்திருக்கும் இந்தி நாளிதழில் ‘சமலைங்கிக் விவாஹ்’ என்றிருக்கும். ‘லிங்கம்’ வடமொழி இலக்கணத்தில் நம் ‘பால்’தான்; பும்லிங்கம், ஸ்திரீலிங்கம் என்பார்கள். அந்தத் தொடருக்குள் சேர்க்கை எதுவும் இல்லை. ஐம்பால் வகுத்த இலக்கணம் உள்ள நாம்தான் வழுக்கியிருக்கிறோம்.

மாற்றாகப் புழங்கும் ‘தன்பாலீர்ப்புத் திருமணம்’ நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் ஈர்ப்பு மனத்தைப் பற்றியது. இருபாலரிடமும் ஈர்ப்புள்ள ஒருவரும் இதே திருமணத்தைக் கேட்கலாம். போதாததற்கு ‘தன்பால் ஈர்த்தான்’ என்றால் ‘தன் பக்கம் இழுத்தான்’ என்றும் பொருள். ஆளைக் குறிக்க அந்தச் சொல் இருக்கட்டும், திருமணத்துக்கு வேண்டாம்.

என் வாக்கு ‘ஒருபால் திருமணம்’ என்பதற்கு. குறை இல்லாமல் இல்லை. ‘அமைந்தொருபால் கோடாமை’ என்ற குறளில் ‘ஒருபால்’ ஒரு பக்கம் என்ற பொருளில் வருகிறது. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தனித்தமிழ் ஆர்வத்தில் ‘திரு’வை வெட்டி ‘ஒருபால் மணம்’ என்று மட்டும் சுருக்காதீர்கள். பால்மணம் மாறாத குழந்தைதான் நினைவுக்கு வரும்.

அதே 2023 தீர்ப்பில் இன்னொரு சொல்லும் அடிபட்டது. மணம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். பிரிந்தது ‘சிவில் யூனிய’னில், அதாவது திருமணம் என்ற பெயரின்றி இருவரின் துணைவாழ்வைச் சட்டம் ஏற்பதில்: சந்திரசூட், கவுல் இருவரும் அந்த உரிமை உண்டென்றனர், பட், கோலி, நரசிம்மா மூவரும் இல்லையென்றனர். இதை ‘சிவில் ஒன்றியம்’ என்று எழுதினால், எதிர்த்து வாதாடியதே ஒன்றிய அரசு என்பதால், யார் யாரோடு மோதினார்கள் என்றே தெரியாது. ஊராட்சி ஒன்றியம் வேறு இருக்கிறது. ‘உரிமையியல்’ என்று போடுவதும் சரியல்ல. அது குற்றவியலுக்கு எதிர்ச்சொல், இங்கே ‘சிவில்’ மதச்சடங்கு சாராதது என்ற பொருளில் நிற்கிறது. ‘பதிவு இணைவு’ போதும். பதிவுத் திருமணம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

இணைவில் இருப்பவர் இணையர். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம், இத்தகையோர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. இத்தகைய செய்திகளில் வரும் ‘பார்ட்ன’ரைக் ‘கூட்டாளி’ என்று எழுதுபவர், கொள்ளை வழக்குச் செய்தியில் ‘கூட்டாளிகள் இருவர் கைது’ என்று எழுதும்போது ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.