டிராஜடி: துன்பியலா, அவலமா?

கீழ்வெண்மணியைப் பற்றி நான் எழுதிய பாட்டொன்றை யாரோ நாற்பது நொடிக்கு வெட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது பாட்டு அப்படித்தான் ஊர் சுற்றுகிறது; நாற்பது நொடி கேட்டவர்களில் பத்துப் பேராவது முழுப் பாட்டைத் தேடி வருகிறார்கள். ஆனால் காணொளியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘1968இல் நடந்த துன்பியல் சம்பவம்’.

அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்ட தொழிலாளர் குடும்பங்கள் அவை. 1968 டிசம்பர் 25 இரவு, உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்தவர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று 44 பேர். இதற்குத் துன்பியல் சம்பவம் என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்தது?

வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆங்கிலத்தில் டிராஜடி என்று நினைத்திருப்பார், அகராதியில் அதற்கு நேரே துன்பியல் என்று இருந்திருக்கும், எடுத்துப் போட்டிருப்பார். கப்பல் மூழ்கினாலும் துன்பியல், ஊரே எரிந்தாலும் துன்பியல், படுகொலை நடந்தாலும் துன்பியல் என்று வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்துவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் த்ராகோஸ் என்றால் ஆட்டுக்கடா, ஓய்தே என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்து த்ராகோய்தியா, அதாவது ஆட்டுப்பாட்டு. பலியிட்ட ஆட்டைச் சுற்றிப் பாடியதால் வந்த பெயர் என்பார்கள், போட்டியில் ஆடு பரிசாகக் கொடுக்கப்பட்டதால் வந்தது என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் சொல்லுக்குள் பாட்டு இருக்கிறது. பாட்டெழுதுகிறவனாக எனக்கு அது போதும்.

அந்தச் சொல் முதலில் குறித்தது மேடையில் நடக்கும் ஒரு நாடக வகையை. வாழ்க்கையில் நடக்கும் கொடுமைக்கு அதே சொல்லை நீட்டியது பின்னால் வந்தவர்கள். இரண்டும் வேறு என்பது கிரேக்கர்களுக்கே பட்டறிவாகத் தெரிந்திருந்தது. பொது ஆண்டுக்கு முன் 494இல், ஏதென்ஸ்காரர்களுக்கு உறவான கிரேக்கர்கள் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்தைப் பாரசீகர்கள் அழித்தார்கள். அதை ஃப்ரீனிக்கஸ் என்ற நாடகக்காரர் ஏதென்ஸில் மேடையேற்றினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று அவருக்கு 1000 திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டதாக ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பழங்கதை நாயகன் மேடையில் வீழ்ந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். உறவுக்காரர்கள் வெட்டுப்பட்ட நகரம் மேடைக்கு வந்தபோது அப்படிப் போக முடியவில்லை.

சரி, துன்பியலுக்கு வருகிறேன். துன்பம் என்பதோடு இயல் சேர்ந்த சொல். இயல் என்றால் ஒரு துறை, அல்லது ஒரு நூலின் பிரிவு. உயிரியல், பொருளியல், வேதியியல் எல்லாம் துறைகள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலும் செய்யுளியலும், குறளில் இல்லறவியலும் துறவறவியலும் பிரிவுகள். பரிதிமாற் கலைஞர் நாடக இலக்கணம் எழுதி அதற்கு நாடகவியல் என்று பெயர் வைத்தார். அந்த வழியில் ஒரு நாடக வகைக்கு இன்பியல், துன்பியல் என்று பெயரிட்டது பொருந்தும். வகுப்பறையில் அரிஸ்டாட்டிலைப் படிக்கும்போது துன்பியல் நாடகம் என்று சொல்லுங்கள், எனக்கு மறுப்பே இல்லை.

என் சண்டை அந்தச் சொல் வகுப்பறையை விட்டு வெளியே வந்து உண்மையான பிணங்களின் மேல் உட்காரும்போதுதான். ஒரு சாவுக்கு இயல் என்று முடியும் பெயரை வைத்தால் அது பாடத்திட்டத்தின் ஒரு தலைப்பாகிவிடுகிறது. இயல் என்றால் இயல்பு என்றும் பொருள் உண்டே, துன்ப இயல்புடையது துன்பியல் என்று கொள்ளலாமே என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்தக் கணக்கில் காய்ச்சலும் துன்பியல், கடனும் துன்பியல். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் வெண்மணியைப் பற்றி எனக்கு எதையும் சொல்லாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அரிஸ்டாட்டில் சொல்லும் துன்பியலில் நாயகன் ஒரு பிழை செய்கிறான், அந்தப் பிழை அவனை வீழ்த்துகிறது. கதையின் எலும்புக்கூடே அதுதான். குடிசைக்குள் எரிந்த குழந்தை என்ன பிழை செய்தது? நாடக வகையின் பெயரைக் கொண்டுவந்து வைக்கும்போது அந்த எலும்புக்கூடும் பின்னாலேயே வருகிறது. விதி, ஊழ், நேரம் சரியில்லை, இரு பக்கமும் தவறு என்றெல்லாம் பேச இடம் கிடைத்துவிடுகிறது. கொன்றவன் மட்டும் காணாமல் போய்விடுகிறான்.

துன்பியல் சம்பவம் என்ற தொடர் தமிழ்நாட்டில் இவ்வளவு பரவியது 2002 ஏப்ரலுக்குப் பிறகு என்பது என் கணிப்பு. விடுதலைப் புலிகள் கிளிநொச்சியில் நடத்திய செய்தியாளர் சந்திப்பில் ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிக் கேட்டபோது பதிலாக வந்த தொடர் அது. அந்த அரசியலுக்குள் நான் இங்கே போகவில்லை, சொல்லை மட்டும் பார்க்கிறேன். அந்தத் தொடரில் எழுவாய் இல்லை. யார், யாரை, ஏன் என்ற மூன்றுக்கும் அதில் இடமில்லை. அன்றைக்கு அந்தப் பதிலுக்கு அதுவே தேவையாக இருந்திருக்கலாம். வெண்மணிக்கு அது எதற்கு?

இதில் சம்பவம் பட்ட பாடு தனி. இன்றைக்கு இருபது வயதில் இருப்பவரிடம் சம்பவம் என்று சொல்லிப் பாருங்கள். ‘செம சம்பவம்’, ‘சம்பவம் பண்ணிட்டான்’, ‘தரமான சம்பவம் இருக்கு’ என்று அது இணையத்தில் கைதட்டுகிற சொல்லாகிவிட்டது. நாயகன் பத்துப் பேரை அடித்தால் சம்பவம், கடைசி ஓவரில் 20 ரன் அடித்தால் சம்பவம். அதே ஆட்டத்தில் தோற்ற அணியின் படத்துக்குக் கீழே ‘துன்பியல் சம்பவம்’ என்று மீம் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காது கூர்மையானது. அந்தத் தொடரில் துக்கம் இல்லை, வெறும் மிடுக்கு மட்டும் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள், விளையாட எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பொருளான தொடரை மறுபடி எடுத்துவந்து 44 பேரின் சாவுக்குச் சூட்டுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் என்ன சொல்வது? அவலம். பெரிய அளவில் நடந்திருந்தால் பேரவலம்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையைச் சொல்கிறது. உரைகாரர்கள் அந்த அழுகைக்குத் தரும் பொருள் அவலம். அது எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கும் நூற்பா இருக்கிறது: ‘இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே’. பிறரால் இகழப்படுவது, உரியதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இந்த நான்கையும் வெண்மணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேரியில் ஒதுக்கப்பட்ட இழிவு, அரைப்படிக்கு ஏங்கிய வறுமை, ஒரே இரவில் நேர்ந்த இழப்பு. ஒரு சொல்லின் இலக்கணம் ஒரு வரலாற்றுக்கு இவ்வளவு நெருங்கி நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து சிலப்பதிகாரம். கணவன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கண்ணகி அழும் காதைக்குத் துன்பமாலை என்று பெயர். அதில் அவள் சொல்கிறாள்:

‘மன்பதை அலர்தூற்ற மன்னவன் தவறிழைப்ப
அன்பனை இழந்தேன்யான் அவலங் கொண்டு அழிவலோ’

இந்த இரண்டு அடிகளைப் படித்த பிறகுதான் நான் துன்பியலைக் கைவிட்டேன். ‘மன்னவன் தவறிழைப்ப’ என்று குற்றவாளி யார் என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. ‘அன்பனை இழந்தேன்’ என்று இழந்தவள் தன் வாயால் சொல்கிறாள். அவலம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. அதிலும் ‘அழிவலோ’ என்று ஒரு கேள்வி: அவலத்தில் மூழ்கி அழிந்துபோவேனா? மாட்டேன் என்பது அடுத்த காதைகளில் தெரிகிறது. ‘தவறிழைப்ப’ என்பதை அந்தப் பகுதியில் அவள் மூன்று முறை திருப்பிச் சொல்கிறாள். பாட்டெழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல்லவியாகத் திரும்ப வருவது அரசனின் குற்றம்.

அப்புறம் அந்த ‘மன்பதை அலர்தூற்ற’. ஊரே வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன சிறு நீர்மூழ்கி ஐந்து பேரோடு காணாமல் போனது. தேடல் நடந்த அந்த நான்கு நாளும் இணையம் முழுக்க நகைச்சுவைப் படங்கள். உள்ளே இருந்தவர்கள் பணக்காரர்கள் என்பதால் சிரிக்கலாம் என்று பலர் எழுதினார்கள். அலர் என்றால் என்ன என்று மாணவர் கேட்டால் இனி எனக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

அவலத்துக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. குண்டும் குழியுமான சாலைக்கு அவலம், தண்ணீர் வராத குழாய்க்கு அவலம், பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக்கு அவலம். உண்மைதான். ஆனால் தேய்ந்த சொல்லைத் துலக்கலாம். அதற்காகத்தான் பேரவலம் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் 2004 ஆழிப்பேரலைக்கும் 2009 முள்ளிவாய்க்காலுக்கும் அந்தச் சொல்லையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது யாருக்கும் கழிப்பறை நினைவுக்கு வருவதில்லை.

பாட்டுக்காரனின் காது சொல்லும் காரணமும் ஒன்று இருக்கிறது. துன்பியல் என்று பாடிப் பாருங்கள், ‘யல்’ என்பதில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, குரல் அங்கேயே நின்றுவிடும். அவலம் என்பதில் அப்படியில்லை. கடைசி ‘ம்’மில் வாயை மூடிக்கொண்டு முனகலாம். ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அந்த முனகல் தெரியும். என் பாட்டில் சரணத்தின் முடிவில் பாடகி அந்த மகரத்தை எட்டு எண்ணிக்கைக்கு நிறுத்தினார். வேறு சொல்லாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க முடியாது.

சொல்லில் இவ்வளவு நுணுக்கம் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் பாடகர் கோர்டன் லைட்ஃபுட்டைச் சொல்வேன். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கி 29 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அதைப் பாட்டாக்கினார். சரக்கறையின் மூடி உடைந்து தண்ணீர் புகுந்தது என்ற பொருளில் அதில் ஒரு வரி வந்தது. அப்படியென்றால் மூடியைப் பார்த்துக்கொண்ட மாலுமிகள் மேல் பழி விழும். அவர்கள் தவறு இல்லை என்று பின்னாளில் ஓர் ஆய்வு சொன்னபோது, 30 ஆண்டுகளுக்கு மேல் பாடிவந்த அந்த வரியை மேடையில் மாற்றிப் பாடத் தொடங்கினார். இறந்தவர்களின் வீட்டார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறவருக்கு வரி பெரிய விஷயம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஆங்கிலச் செய்தியில் டிராஜடி என்று பார்த்தவுடன் கை தானாகத் துன்பியலுக்குப் போக வேண்டாம். என்ன நடந்தது என்று ஒரு நொடி பாருங்கள். நாடகமானால் துன்பியல் இருக்கட்டும். புயலும் நிலநடுக்கமும் பேரிடர். விபத்து என்றால் விபத்து என்றே சொல்லலாம். மனிதர் மனிதரைக் கொன்றிருந்தால் அது படுகொலை, அந்தச் சொல்லை விழுங்கக் கூடாது. பிழைத்தவர்கள் படுவதும் பார்த்தவர்கள் நெஞ்சில் நிற்பதும் அவலம். ஆங்கிலம் இவை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது என்பதற்காகத் தமிழும் கட்ட வேண்டியதில்லை. ‘துன்பகரமாக உயிரிழந்தார்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். செத்துப்போனார் என்றாலே துன்பம் அதில் இருக்கிறது.

அந்தக் காணொளியை ஏற்றியவருக்கு எழுதினேன். கல்லூரியில் படிக்கும் பெண். மறுநாளே வரியை ‘வெண்மணிப் படுகொலை, 25 டிசம்பர் 1968’ என்று மாற்றிவிட்டு, பாட்டில் அவலம் என்று வரும் இடம் தனக்கு முதலில் புரியவில்லை என்றும் எழுதியிருந்தார். துன்பமாலையின் அந்த இரண்டு அடிகளை அவருக்கு அனுப்பி வைத்தேன். பழைய வரியோடு அந்தத் துண்டு அதற்குள் வேறு பல பக்கங்களுக்குப் போய்விட்டது. கண்ணில் படும் ஒவ்வோர் இடத்திலும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் மாற்றியிருக்கிறார்கள்.