டிடெக்டிவ்: துப்பறிவாளரா, புலனாய்வாளரா?

பிரிட்டிஷ் நடிகர் டேவிட் சூஷேயைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் இடறும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடம் டிடெக்டிவ். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

1985-ல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில் சூஷே ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் காவல்துறைத் தலைமையகம்) இன்ஸ்பெக்டர் ஜாப்பாக நடித்தார். அதில் அகதா கிறிஸ்டி கதைகளின் நாயகன் எர்க்யூல் புவாரோவாக வந்தவர் பீட்டர் உஸ்தினோவ். நான்கே ஆண்டுகளில் அந்தப் புவாரோ வேடம் சூஷேயிடம் வந்தது. 1989 முதல் 2013 வரை பிரிட்டனின் ஐடிவி சேனல் தொடரில் 70 கதைகள். ஜாப்பும் டிடெக்டிவ், புவாரோவும் டிடெக்டிவ். ஆனால் ஜாப் அரசுச் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர். புவாரோவோ பெல்ஜியத்தில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போரின்போது அகதியாக இங்கிலாந்துக்கு வந்து, தனியாகத் தொழில் நடத்துபவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டு சொல் இருக்கும்போது நாம் ஏன் ஒன்றுக்குள் அடைக்க வேண்டும்?

சொல்லின் வேர் லத்தீன். 'டெகெரே' என்றால் மூடுதல். முன்னால் 'டே' சேர்ந்தால் மூடியதை விலக்குதல். 1842-ல் லண்டன் பெருநகரக் காவல்துறை எட்டே பேரை வைத்துக் குற்றம் கண்டுபிடிக்கத் தனிப்பிரிவு தொடங்கியது. அந்தக் காலத்தில் 'டிடெக்டிவ் போலீஸ்' என்று அடைமொழியாக வழங்கிய சொல், அப்புறம் ஆளுக்கே பெயரானது.

நம் 'துப்பு' இன்னும் பழையது. 'துப்பார்க்குத் துப்பாய' என்ற குறளில் அது உணவு. 'துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது திறமை. இன்று குற்றத்தின் தடயம் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. 'துப்புத் துலக்குதல்' எனக்கு மிகவும் பிடித்த தொடர். பாத்திரம் துலக்குகிறோமே, அதே துலக்கல்தான்: கரி போகத் தேய்த்தால் அடியில் செம்பு தெரியும். லத்தீன் வேரின் பொருளுக்கு இதைவிட நெருக்கமாக வர முடியாது.

ஒற்றர், உளவாளி இரண்டும் இங்கே பொருந்தாது. வள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் பேசுவது அரசனுக்கு ரகசியச் செய்தி கொண்டுவருபவரைப் பற்றி.

ஆக, ஜாப்பைப் போலப் பதவியில் இருப்பவரைப் புலனாய்வு அதிகாரி என்றோ புலனாய்வாளர் என்றோ சொல்லலாம். சிபிஐ-யைப் புலனாய்வுத் துறை என்று ஏற்கெனவே சொல்கிறோம். புவாரோவுக்குத் துப்பறிவாளர்தான் சரி. துப்பைத் தேடி எடுப்பதோடு, அதன் பொருளை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தே அறிகிற ஆள் அவர்.

சூஷேயும் அந்த வேடத்தைத் துப்பறிந்தே பிடித்தார். அகதா கிறிஸ்டியின் கதைகளைப் படித்து, புவாரோவின் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். பட்டியல் 93 வரை போனது. தேநீரில் சர்க்கரைக் கட்டி வழக்கமாக நான்கு, சில சமயம் மூன்று, ஓரிரு முறை ஐந்து என்றுகூட அதில் எழுதியிருந்தார்.